பேய்ப் படத்தில் இரண்டாம் பாகமா, ரீமேக்கா? தஞ்சாவூர்க்காரி ஒருத்தியின் பதில்

கேள்வி: பேய்ப் படங்களில் எது பார்க்கத் தகுந்தது, இரண்டாம் பாகமா, ரீமேக்கா?

ரீமேக் என்றுதான் சொல்வேன். ஆனால் இந்த முடிவுக்கு வந்து சேர எனக்கு ஆறேழு வருடங்கள் ஆயின. ஒரே கதையைப் பல மொழிகளில் பார்த்துத்தான் வந்து சேர்ந்தேன். அந்தக் கதையில் வருகிறவள் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் என்பதும் ஒரு காரணம்.

2005 சித்திரை முதல் நாள் ‘சந்திரமுகி’ வெளியானது. அடுத்த வாரமே பாபநாசத்திலிருந்து பஸ் ஏறி, அப்பாயியும் நானும் கும்பகோணம் போய்ப் பார்த்தோம். ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. கொட்டகையில் மின்விசிறிகள் சுற்றினவே தவிரக் காற்று வரவில்லை. அப்பாயி முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். வடிவேலு வரும் இடங்களில் மொத்தக் கொட்டகையும் சிரித்தது, அப்பாயியும் சிரித்தாள். ஜோதிகா ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்கியபோது அப்பாயியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பாட்டு முடிந்து, சண்டை முடிந்து, விளக்கு எரிந்த பிறகுதான் விட்டாள். அவளுடைய வளையலின் தடம் என் தோலில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவள் பேயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுந்தரப்பெருமாள்கோவில் தாண்டும்போது, “அந்தப் பெண்ணுக்குத் தெலுங்கு எப்படி வந்தது?” என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நல்ல கேள்வி என்று கூட அப்போது தோன்றவில்லை.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி பாலக்காட்டுப் பெண். ‘சந்திரமுகி’யைப் பற்றி நான் பெருமையாகப் பேசியதும், மூலப் படத்தைப் பார்க்காமல் பேசாதே என்று சொல்லி, அன்று இரவே தன் மடிக்கணினியில் ‘மணிச்சித்திரத்தாழ்’ போட்டுக் காட்டினாள். பாசில் இயக்கி 1993இல் வந்த மலையாளப் படம். ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. கதை எனக்குத் தெரிந்த கதைதான். பூட்டிய அறை, திறக்கும் மனைவி, மாறிப் போகும் குரல். அதனால் கட்டில் காட்சியை அலட்சியமாக எதிர்பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

காட்சி வந்தது. கட்டில் தூக்கப்பட்டது. அவள் பேசினாள், தமிழில்.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் தோழி பயத்தில் தலையணையைக் கட்டிக்கொண்டிருந்தாள். சிறு வயது முதல் பத்து முறையாவது பார்த்திருப்பாள், அப்போதும் பயந்தாள். எனக்குப் பயமே வரவில்லை, கண்ணில் நீர் வந்தது. அந்த வீட்டில் இருப்பவர்களையெல்லாம் நடுங்க வைத்த மொழி எனக்கு வீட்டு மொழி. அவள் என்ன கேட்கிறாள், யாரிடம் கேட்கிறாள், எத்தனை நாள் காத்திருந்தாள் என்பதெல்லாம் திரையின் கீழே எழுத்து ஓடாமலே எனக்குப் புரிந்தது. மூலக்கதையில் நாகவல்லி தஞ்சாவூர் நாட்டியக்காரி. மாடம்பள்ளித் தறவாடு என்ற பெரிய வீட்டின் தலைவரான காரணவர் தஞ்சாவூரிலிருந்து அவளைக் கொண்டுவந்து தெக்கினியில், அதாவது வீட்டின் தெற்குக் கட்டில், வைக்கிறார். அவள் காதலிப்பதோ எதிர்வீட்டு ராமநாதனை. துர்காஷ்டமி இரவில் காரணவர் கையால் சாகிறாள். படத்தில் அவள் ஆடும் பாட்டின் தமிழ் வரிகளை எழுதியவர் வாலி, அவரும் காவிரிக் கரைக்காரர், திருவரங்கத்தில் வளர்ந்தவர். நாகவல்லிக்காகப் பேசியவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர். மலையாளப் படத்துக்குள் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி பூட்டி வைக்கப்பட்டிருந்திருக்கிறாள், அது தெரியாமல் நான் இருந்திருக்கிறேன்.

முதலில் கோபம்தான் வந்தது. தமிழில் எடுக்கும்போது தஞ்சாவூரை ஏன் துடைத்துவிட்டார்கள்? எங்களுக்குச் சொந்தமான ஒருத்தியைத் தெலுங்கு பேச வைத்தது என்ன நியாயம்? இதை நினைத்துச் சில மாதம் மனத்துக்குள் பொருமினேன். பிறகு அதே கதையின் இந்திப் படமான ‘பூல் புலையா’வைப் பார்த்தபோது விளங்கியது. ‘மணிச்சித்திரத்தாழ்’ எடுத்தபோது துணைப் பிரிவை இயக்கியவர்களில் ஒருவரான பிரியதர்ஷன் 2007இல் எடுத்தது. அதில் நாட்டியக்காரி வங்காளி. பி. வாசு ‘சந்திரமுகி’க்கு முந்தைய ஆண்டு கன்னடத்தில் எடுத்த ‘ஆப்தமித்ரா’விலோ தெலுங்கு.

மலையாளிக்குத் தமிழ், தமிழனுக்கும் கன்னடனுக்கும் தெலுங்கு, இந்திக்காரனுக்கு வங்காளம். எல்லாமே பக்கத்து வீட்டு மொழி. ஒன்றும் புரியாத சீன மொழியில் ஒரு மனைவி பேசினால் கணவனுக்கு வியப்புதான் வரும். பாதி புரிந்து பாதி நழுவும் மொழியில் பேசினால்தான் வயிற்றில் புளி கரையும். இந்தக் கதையின் பயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அப்பாயி பஸ்ஸில் கேட்ட கேள்வியும் அதுதான். தமிழ்ப் படத்தில் அவள் தமிழ் பேசியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது, என் மணிக்கட்டில் வளையல் தடமும் விழுந்திருக்காது. தஞ்சாவூரைக் கைவிட்டதால்தான் ‘சந்திரமுகி’ அந்தப் பயத்தைக் காப்பாற்றியது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வலித்தது, ஆனாலும் உண்மை.

தஞ்சாவூருக்கும் அந்தத் தெலுங்குக்கும் உறவில்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். நாயக்கர் காலத்திலும் மராட்டியர் காலத்திலும் தஞ்சை அரண்மனையில் ஆடிய பெண்கள் பெரும்பாலும் தெலுங்குப் பதங்களுக்கே ஆடினார்கள். தஞ்சை மன்னர் விஜயராகவ நாயக்கர் மீது தெலுங்குக் கவிஞர் க்ஷேத்ரய்யா பதங்கள் பாடியிருக்கிறார். கேரள வீட்டுக்குத் தஞ்சாவூர் நாட்டியக்காரி போனதும் வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. தஞ்சை நால்வர் எனப்படும் நாட்டிய ஆசான்களில் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூரில் மன்னர் சுவாதித் திருநாளின் அவைக்குப் போய் அங்கேயே புகழ் பெற்றவர். இந்த வரலாற்றையெல்லாம் நான் தேடிப் படித்ததே இரண்டு பேய்ப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான். ஒரு ரீமேக் என்னை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போயிற்று.

இப்போது இரண்டாம் பாகங்களுக்கு வருகிறேன். ‘மணிச்சித்திரத்தாழ்’ கதையின் உயிர் எது? பேய் என்று ஒன்று இல்லை என்பது. அறையைத் திறந்து நாகவல்லியாக மாறும் மனைவி கங்காவின் மனம் உடைந்திருக்கிறது. பெற்றோரைப் பிரிந்து, பாட்டியின் கதைகளோடு வளர்ந்த குழந்தை அவள். சாபத்தால் வந்ததென்று வீடே நம்பும் ஒன்றை மருத்துவர் ஒருவர் பொறுமையாக அவிழ்க்கிறார். பேயோட்டுவதற்குப் பெண்ணை அடிக்கிற ஊர்கள் இன்றும் இருக்கும் நாட்டில் இது சின்னச் செய்தி அல்ல. எங்கள் தெருவிலேயே, பிள்ளை பெற்றபின் பேச்சு நின்றுபோன ஒருத்தியை வேப்பிலையால் அடித்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது எட்டு வயது. இலை உதிர்ந்து வெறும் குச்சியாகும் வரை அடித்தார்கள். அவள் ஒரு முறை கூடக் கத்தவில்லை. ‘சந்திரமுகி’யை எங்கள் தெருவே பார்த்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் “டாக்டரிடம் காட்டியிருக்கலாம்” என்று அந்தப் பெண்ணைப் பற்றி முதன்முறையாகப் பேச்சு வந்தது.

2022இல் இந்தியில் இரண்டாம் பாகம் வந்தது. 2023இல் ‘சந்திரமுகி 2’ வந்தது. இரண்டிலும் ஆவி உண்மையாகிவிட்டது. முதல் படம் இரண்டரை மணி நேரம் பாடுபட்டு, இது நோய், இவள் நோயாளி என்று நிறுவியதை, அதே பெயரை வைத்துக்கொண்டு வந்த படங்கள் கலைத்துப் போட்டன. கங்காவுக்குச் செய்த துரோகம் என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். எடுத்தவர்கள் மோசமானவர்கள் என்று சொல்லவில்லை. முதல் ‘சந்திரமுகி’யை எடுத்த பி. வாசுதான் தமிழில் இரண்டாவதையும் எடுத்தார். குணமாகிப் போனவளை வைத்து அடுத்த கதை என்ன சொல்வது? பேயைக் கொண்டுவந்தால்தான் உண்டு. இரண்டாம் பாகத்தின் இக்கட்டு அது.

அப்பா கரும்பு போடுவார். வெட்டிய பிறகு அடிக்கட்டையை விட்டுவைத்தால் மறுதாம்பு வரும். விதைக் கரணை வாங்க வேண்டாம், நடவுக் கூலி இல்லை, ஆகவே எல்லோரும் விடுகிறார்கள். முதல் மறுதாம்பு நன்றாகவே வரும். அடுத்தடுத்து விட்டுக்கொண்டே போனால் கரும்பு விரல் கனத்துக்கு இளைத்துவிடும். பெயர் பெற்ற படத்தின் இரண்டாம் பாகத்தைத் தயாரிப்பாளர் விரும்புவதும் இதே கணக்கில்தான். சுவரொட்டியில் பெயரும் எண்ணும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தமிழில் ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ வரிசைகளில் எண்தான் ஏறுகிறது, கதையும் பேயும் ஒவ்வொரு முறையும் வேறு. அவற்றை இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்பதை விட ஒரே கடையின் அடுத்த சரக்கு என்று சொல்லலாம். குழந்தைகளோடு போய்ச் சிரித்துவிட்டு வரலாம், அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

ஜப்பானில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சோதனை நடந்ததில்லை. 1998 ஜனவரியில், பார்த்தவரைக் கொல்லும் ஒளிநாடாவைப் பற்றிய ‘ரிங்’ படமும் அதன் இரண்டாம் பாகமான ‘ராசென்’ படமும் ஒரே நாளில் வெளியாயின. இரண்டும் கோஜி சுசுகியின் நாவல்களிலிருந்து வந்தவை. ‘ரிங்’ பயத்தை விளக்காமல் விட்டது. ‘ராசென்’ மருத்துவம், கிருமி, மரபணு என்று விளக்கியது. மக்கள் முதலாவதைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், இரண்டாவதைக் கைவிட்டார்கள். மறு ஆண்டே ‘ராசென்’ என்ற படமே வராததுபோல் வேறொரு இரண்டாம் பாகத்தை எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் 2002இல் அமெரிக்காவில் எடுத்த ரீமேக், கிணற்றையும் ஒளிநாடாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு, தன் ஊரின் மழையையும் குதிரைப் பண்ணையையும் சேர்த்து, தனக்கென ஒரு பயத்தை உண்டாக்கிக்கொண்டது. கூந்தல் முகத்தை மூடக் கிணற்றிலிருந்து ஏறி வரும் பெண்ணைப் பார்க்க எனக்கு ஜப்பானும் தேவைப்படவில்லை, அமெரிக்காவும் தேவைப்படவில்லை. எங்கள் கொல்லைக் கிணற்றைப் பற்றி அப்பாயி சொன்ன கதையில் அவள் எப்போதோ ஏறி வந்துவிட்டாள்.

எல்லா ரீமேக்கும் தேறும் என்று சொல்ல வரவில்லை. ஹிட்ச்காக்கின் 1960ஆம் ஆண்டு ‘சைக்கோ’வை 1998இல் காட்சிக்குக் காட்சி அப்படியே வண்ணத்தில் எடுத்தார்கள். பார்த்து முடித்ததும் பழையதை மறுபடி பார்க்கத்தான் தோன்றியது. மண்ணை மாற்றாமல் செடியை மட்டும் பிடுங்கி அதே குழியில் நட்டதுபோல் இருந்தது. அதேபோல் நல்ல இரண்டாம் பாகமும் உண்டு. 1986இல் வந்த ‘ஏலியன்ஸ்’ முதல் படத்தின் பயத்தைத் திருப்பிக் கொடுக்க முயலவே இல்லை. தாயின் கதையாக, போர்க் கதையாக மாறிக்கொண்டது. அதனால் பிழைத்தது.

ஒரே கதையைத் திரும்பப் பார்ப்பதில் என்ன பயம் இருக்க முடியும் என்று கேட்பவர்களை நான் மெலட்டூருக்குக் கூட்டிப்போக விரும்புகிறேன். எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை, சித்தப்பா சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போயிருக்கிறார். அச்சுதப்ப நாயக்கர் காலத்தில் கலைஞர் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கும். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி எழுதிய பிரகலாத சரித்திரம், முழுவதும் தெலுங்கில், பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள். முதலில் கோணங்கி வந்து சிரிக்க வைப்பான். இரவு முழுவதும் ஓடும். எதிரே வரதராஜப் பெருமாள் எழுந்தருளியிருப்பார், அவருக்கும் மேடைக்கும் நடுவில் தெருவில் நாங்கள்.

பொழுது விடியும் நேரத்தில் தூண் பிளக்கும். என்ன வரப்போகிறது என்று அங்கே தெரியாதவர் ஒருவரும் இல்லை. கைக்குழந்தைக்குக் கூடக் கதை சொல்லித்தான் தூங்க வைத்திருப்பார்கள். நரசிம்மர் முகமூடி வழிபாட்டில் இருக்கும் முகமூடி, அணிகிறவர் விரதமிருந்து அணிகிறார். அது வெளிப்பட்ட கணத்தில் அவரை நாலு பேர் இடுப்பில் பிடித்து நிறுத்தினார்கள், ஆவேசம் வந்து இரணியன் வேடக்காரர் மீது பாய்ந்துவிடாமல் இருக்க. பிடித்தவர்களின் கால்கள் தரையில் தேய்ந்து நகர்ந்த ஓசை எனக்கு இன்னும் கேட்கிறது. சித்தப்பா ஐம்பது வயதுக்காரர், அதுவரை இருபது முறையாவது பார்த்தவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அடுத்த ஆண்டும் வந்தார். நரசிம்மருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று யாரும் அங்கே கேட்டதில்லை.

எனவே ஒரு வார இறுதி உங்களுக்குக் கிடைத்தால், வெள்ளி இரவு ‘மணிச்சித்திரத்தாழ்’, சனி இரவு ‘சந்திரமுகி’ பாருங்கள். அந்த வரிசையில்தான். மூலப் படத்தின் அரண்மனைக் காட்சிகளில் ஒரு பகுதி நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுத்தது, அதையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையை இரண்டாம் பாகத்துக்குக் கொடுக்காமல் வேறு ஏதாவது ரீமேக்குக்குக் கொடுங்கள்.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்த வருடம் அப்பாயிக்கு அந்த மலையாளப் படத்தைப் போட்டுக் காட்டினேன். கண் மங்கியிருந்தது, காது நன்றாகவே கேட்டது. மலையாளம் புரியாமல் சுவரில் சாய்ந்து முக்கால் தூக்கத்தில் இருந்தாள். நாகவல்லி வாயைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நம் பக்கத்துப் பெண்ணா இவள்?”

“தஞ்சாவூர், அப்பாயி.”

“அவ்வளவு தூரம் இவளை யார் கூட்டிக்கொண்டு போனார்கள்?”

சொன்னேன். காரணவர், பல்லக்கு, தெக்கினி, எதிர்வீட்டு ராமநாதன், எல்லாவற்றையும். படத்தை நிறுத்திவிட்டுத்தான் சொன்னேன். கேட்டு முடித்து, பாக்கை வாயில் போட்டுக்கொண்டு, திரையைக் காட்டினாள்.

“அவள் பேசுகிற இடத்தை இன்னொரு முறை போடு.”