ஃபைபர் டேஷ்போர்டு பிசுபிசுக்கிறது, பட்டறைக்காரர் கைவிரிக்கிறார்

கேள்வி: எனது சொந்தப் பயன்பாட்டுக் காரின் டேஷ்போர்டையும் நான்கு டோர் பேடுகளையும் ஃபைபர்கிளாஸில் மாற்றியமைக்க ஒரு பட்டறையில் கொடுத்தேன். கார் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் மேற்பரப்பு பிசுபிசுக்கத் தொடங்கிவிட்டது; ரெசின் (ஃபைபரில் பூசும் பிசின்) நெடி போகவில்லை; ஸ்பீக்கர் பொருத்திய இடங்களில் விரிசல் விழுந்துள்ளது. ‘வெயிலில் ஃபைபர் அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் பட்டறைக்காரர். பில் தரவில்லை, வாட்ஸ்அப் உரையாடலும் யுபிஐ பதிவும் மட்டுமே உள்ளன. சரிசெய்ய மீண்டும் காரை விட்டால், தராத பாக்கிக்காகப் பிடித்து வைத்துக்கொள்வாரோ என அஞ்சுகிறேன்.

பதில்: முதலில், வேறு பட்டறையில் கொடுத்து அந்தப் பாகங்களைத் தேய்க்கவோ மறுபடி பெயிண்ட் அடிக்கவோ வேண்டாம். உங்கள் வழக்கின் முதன்மையான சான்று அந்தப் பிசுபிசுப்புதான். பாலியெஸ்டர் ரெசினில், அதை இறுகச் செய்யும் ஹார்டனர் பொதுவாக 1 முதல் 2 சதவீதம் வரை சேர்க்கப்படும்; அது குறைந்தால் ரெசின் முழுமையாக இறுகாது, மிகுந்தால் அதிகம் சூடேறி விரிசல் விடும். புதிதாகப் பூசிய ரெசினின் மேற்பரப்பு காற்றுப் பட்டு லேசாக ஒட்டுவது இயல்பே என்றாலும், அதைத் தேய்த்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து ஒப்படைத்த பிறகும் ஒட்டினால், குறை பெரும்பாலும் வேலையில்தான் இருக்கும். முன்கண்ணாடிக்குக் கீழே வெயில் வாங்கிக்கொண்டே இருக்கப் போகிற ஒரு பாகத்தைச் செய்து கொடுத்தவர் வெயிலையே காரணம் காட்டுவது ஏற்கத்தக்கதன்று. அனுபவமுள்ள வேறொரு ஃபைபர் தொழிலாளியிடமோ வாகன மதிப்பீட்டாளரிடமோ காட்டி, படங்களுடன் எழுத்துபூர்வமான கருத்தைப் பெறுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(11)-இன்படி இது சேவைக் குறைபாடு. பில் தராததும், குறையுள்ள சேவைக்கான பணத்தை, பில்லில் காலவரை குறிப்பிடாத நிலையில், 30 நாட்களுக்குள் திருப்பித் தர மறுப்பதும் அதே சட்டத்தின் பிரிவு 2(47)-இன்கீழ் முறையற்ற வணிக நடைமுறைகள். எனவே பில் இல்லாதது உங்களைவிட அவருக்கே பாதகம். வாட்ஸ்அப் பதிவுகளைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம், 2023 (சாட்சியச் சட்டம்), பிரிவு 63 கோரும் சான்றிதழை இணைக்க வேண்டும்; ஆகவே அந்த உரையாடல் உள்ள கைபேசியை மாற்றவோ, உரையாடலை அழிக்கவோ கூடாது.

பாக்கி பற்றிய அச்சத்துக்கு ஓரளவு அடிப்படை உண்டு. உழைப்பும் திறனும் செலுத்தி வேலை செய்தவர், கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தம்மிடம் வைத்திருக்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170 இடமளிக்கிறது. ஆனால் காரை உங்களிடம் திருப்பித் தந்ததுமே, செய்து முடித்த வேலைக்கான அந்த உரிமை பொதுவாக முடிந்துவிடுகிறது. எனினும் மீண்டும் விடுவதாக இருந்தால், ‘கட்டணமின்றிக் குறை நீக்குவதற்காக மட்டும் ஒப்படைக்கிறேன், பாக்கித் தொகையை நான் ஏற்கவில்லை’ என்று எழுதி அனுப்பி, அவரது ஒப்புதலைப் பெற்ற பிறகே சாவியைக் கொடுங்கள்.

அவர் இணங்காவிட்டால், 15 நாள் அவகாசம் தந்து பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை. காலவரம்பு 2 ஆண்டுகள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முன் பயணியின் ஏர்பேக் டேஷ்போர்டைப் பிளந்துகொண்டு விரிவது. அந்த இடத்தின்மேல் ஃபைபர் அடுக்கு போடப்பட்டிருந்தால், விபத்தில் அது விரியாமல் போகலாம், அல்லது ஃபைபர் சில்லுகள் முகத்தில் தெறிக்கலாம். வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றங்களையே மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 குறிப்பிடுவதால், டோர் பேடின் அலங்காரம் அதற்குள் வருமெனச் சொல்வது கடினம். ஏர்பேக்கை மறைப்பதை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. பிரிவு 182ஏ(4)-இன்கீழ் அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம், அதுவும் வாகன உரிமையாளர் மீதே. உங்கள் காரில் அப்படிச் செய்யப்பட்டிருந்தால், சான்றுகளைப் பதிவு செய்தவுடன் கார் நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் அந்தப் பகுதியைக் கழற்றச் செய்து, அந்தச் செலவையும் புகாரில் இழப்பீடாகக் கோருங்கள்; அதுவரை முன் பயணி இருக்கையில் எவரையும் அமர்த்த வேண்டாம்.