வேப்பமரத்தில் உட்கார்ந்திருப்பது பருந்தா, வல்லூறா?

கேள்வி: எங்கள் வீட்டு வேப்பமரத்தில் புறா அளவில் ஒரு பறவை வந்து உட்காருகிறது. அது வந்தாலே அணில்கள் கத்தித் தீர்க்கின்றன. பருந்துக் குஞ்சாக இருக்குமோ? (வாசகி, மதுரை)

பதில்: குஞ்சு இல்லைங்க. பருந்துக் குஞ்சு கூட்டை விட்டுப் பறக்கும்போதே கிட்டத்தட்ட தாயின் அளவுக்கு வளர்ந்துவிடும், அதனால் புறா அளவில் இருந்தால் பெரும்பாலும் அது வல்லூறுதான். முதுகு சாம்பல், நெஞ்சில் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய குறுக்குக்கோடுகள், கண் ஆணுக்குச் சிவப்பு. இளசாக இருந்தால் முதுகு பழுப்பாக, நெஞ்சில் கோடுகள் நெடுக்காக இருக்கும். ஓணான், அணில், சின்னக் குருவி எல்லாம் அதற்கு இரை, அணில்கள் சும்மா கத்தவில்லை!

ஒரு எச்சரிக்கை, அக்காக்குயிலும் அச்சு அசல் வல்லூறு மாதிரியே இருக்கும், நானே ஏமாந்திருக்கிறேன். அலகைப் பாருங்கள், வல்லூறுக்குக் கொக்கி போல வளைந்திருக்கும், குயிலுக்கு அப்படி இருக்காது.

சரி, மேலே வட்டமடிப்பவை? வால் நுனி நடுவில் பிளந்திருந்தால் கரும்பருந்து, ஆனால் வாலை நன்றாக விரித்துவிட்டால் அந்தப் பிளவு தெரியாது, கொஞ்சம் பொறுங்கள். தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம் என்றால் செம்பருந்து, நம் ஊரில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதுதான். அதன் இளசு மட்டும் பழுப்பாகக் கரும்பருந்து போலவே குழப்பும், அப்போதும் வால் நுனி வளைவாகத்தான் இருக்கும்.