மிர்ரர்லெஸ் கேமரா வாங்குவதா, சட்டைப்பைக்குள் அடங்கும் காம்பேக்ட் கேமரா வாங்குவதா?

உங்கள் கேள்வியின் சாரம் இதுதான்: பட்டர்வொர்த்தில் வசிக்கிறீர்கள்; கைபேசியில் எடுக்கும் படங்கள் பகலில் நன்றாக இருந்தாலும், தைப்பூச ரத ஊர்வலத்திலும் மகளின் பரதநாட்டிய மேடையிலும் மங்கலாகிவிடுகின்றன; விடுமுறைப் பயணங்களுக்கும் ஒரு நல்ல கருவி வேண்டும்; ஆனால் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்கும் பொறுமை உங்களுக்கு இல்லை. நான் ஜார்ஜ் டவுனில் இருப்பவன். இரண்டு வகைக் கேமராக்களையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்குத் தெளிவான கருத்து ஒன்று இருக்கிறது. இரண்டாவதாக ஒரு பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத, ஒரே கோணத்தில் எடுக்கும் லென்ஸ்) வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் மிர்ரர்லெஸ், அதாவது லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய கேமரா, வாங்குங்கள். பெட்டியில் வரும் கிட் லென்ஸோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் நல்ல காம்பேக்ட்டே போதும். பல வேளைகளில் அதுவே மேலானது.

இதைக் கேட்கும் பலர் நம்ப மறுக்கிறார்கள். "மிர்ரர்லெஸ்ஸில் சென்சார் பெரியது, ஆகவே இருட்டில் படம் நன்றாக வரும்" என்று கடைக்காரரும் சொல்வார், காணொளிகளும் சொல்லும். அது பாதி உண்மை. ஒளியைப் படமாக மாற்றும் சென்சாரின் பரப்பு எவ்வளவு முக்கியமோ, அதற்கு முன்னால் இருக்கும் லென்ஸின் துளை எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதும் (எஃப் எண் எவ்வளவு சிறியதோ, துளை அவ்வளவு அகலம்) அவ்வளவு முக்கியம். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் ஒரு படத்திற்கு மொத்தம் எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்பது தெரியும்.

எடுத்துக்காட்டாக, கடைகளில் ஒன்றாக வைத்துக் காட்டப்படும் இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்வோம். 2023இல் வந்த கேனன் ஆர்50 மிர்ரர்லெஸ் வகை. அதன் ஏ.பி.எஸ்.-சி எனப்படும் வகைச் சென்சார் 22.3 × 14.9 மி.மீ. அளவுடையது. 2019இல் வந்த கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 3 காம்பேக்ட் வகை. அதில் இருப்பது ஓர் அங்குல வகைச் சென்சார். பெயர் அப்படியே தவிர, அதன் உண்மையான அளவு 13.2 × 8.8 மி.மீ.தான். பரப்பில் ஆர்50இன் சென்சார் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது. ஆனால் ஆர்50உடன் வரும் 18-45 மி.மீ. கிட் லென்ஸ் எஃப் 4.5இல் தொடங்கி, முழுதாக ஜூம் செய்தால் எஃப் 6.3 ஆகக் குறுகிவிடுகிறது. காம்பேக்ட்டின் லென்ஸோ எஃப் 1.8 முதல் 2.8 வரை திறக்கும். எஃப் 4.5க்கும் எஃப் 1.8க்கும் இடையே ஒளியில் ஆறு மடங்குக்கு மேல் வேறுபாடு உண்டு. ஆறு மடங்கு ஒளியை மூன்று மடங்கு பரப்பு ஈடுகட்ட முடியாது. இருட்டில், பெட்டியைப் பிரித்த நிலையில், 304 கிராம் எடையுள்ள அந்தச் சிறிய கேமராதான் லென்ஸோடு சேர்த்து அரைக் கிலோ எடையுள்ள மிர்ரர்லெஸ்ஸைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒளியைப் பெறுகிறது.

இதை எண்களாக மட்டும் பார்க்காமல், தைப்பூசத்துக்கு முந்தைய நாள் காலையில் வைத்துப் பாருங்கள். குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலின் தங்க ரதமும், கோயில் வீட்டிலிருந்து வரும் வெள்ளி ரதமும் தண்ணீர்மலை முருகன் கோயிலை நோக்கிப் புறப்படுவது விடியலுக்கு முன்பு. அந்த மாதத்தில் பினாங்கில் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ரதம் வரும் வழியில் குவித்து வைத்த தேங்காய்களை உடைக்கும்போது, தெருவிளக்கின் வெளிச்சத்தில், ஆட்கள் சற்று நகர்ந்தாலும் கலங்காத படம் வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் குறைந்தது நொடியில் 125இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். எஃப் 1.8இல் ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்திறனை 1,250 அளவில் வைத்து எடுக்க முடிகிற அதே காட்சிக்கு, எஃப் 4.5இல் ஐ.எஸ்.ஓ. 8,000 வரை ஏற்ற வேண்டியிருக்கும். அவ்வளவு உயர்த்தும்போது முதலில் கெடுவது நம் முகங்கள்தாம். மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் நிழல் விழும் கன்னப் பகுதியில் புள்ளிகள் மண்டி, நிறம் மண்ணாகிவிடும்; வேட்டியின் ஜரிகைக் கரை ஒரே மஞ்சள் கோடாகிவிடும். தேங்காய் சிதறும் கணத்தில் தெறிக்கும் நீர்த்துளிகளைத் தனித்தனியாகக் காட்ட 500இல் ஒரு பங்கு வேகம் வேண்டும் என்பதால், அதற்கு இன்னும் நான்கு மடங்கு ஒளி தேவைப்படும்.

ஆர்50இல் அதே கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பொருத்தினால் நிலைமை தலைகீழாகிவிடும். அந்த லென்ஸின் எடை 160 கிராம்தான். மகளின் மேடைக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஏ.பி.எஸ்.-சி சென்சாரில் அது பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் 80 மி.மீ. லென்ஸ் தரும் கோணத்தைத் தருவதால், முன்வரிசைகளில் அமர்ந்தால் ஆடுபவரின் முழு உருவமும் சட்டத்துக்குள் அழகாக அடங்கும். அதே கோணத்திற்குக் காம்பேக்ட்டை ஜூம் செய்தால் அதன் துளை எஃப் 2.8 ஆகிவிடுகிறது. துளையில் இழந்ததையும் சென்சாரில் இழந்ததையும் சேர்த்தால் மிர்ரர்லெஸ்ஸுக்குக் கிடைக்கும் ஒளி ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகம். ஜதி வேகம் கூடும்போது கை முத்திரை கலங்காதிருக்க 250இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்க முடியாது என்பதால், இந்த ஏழு மடங்கு மேடையில் மிகப் பெரிய வேறுபாடு.

ஃபோகஸ் செய்யும் திறனிலும் இடைவெளி உண்டு. நான் சொன்ன காம்பேக்ட் ஒளி-நிழல் மாறுபாட்டை அளந்து ஃபோகஸைத் தேடும் பழைய முறையைக் கொண்டது. அரைமண்டியில் ஆடிக்கொண்டே ஒருவர் முன்னோக்கி வரும்போது அது முன்னும் பின்னும் தடுமாறும். ஆர்50 போன்றவை கண்ணைக் கண்டுபிடித்து, ஆள் திரும்பும் வரை விடாமல் பின்தொடர்கின்றன. சோனியின் ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்பு என்னும் காம்பேக்ட்டில் ஃபோகஸ் வேகம் மிகச் சிறப்பாக இருக்கிறது, 200 மி.மீ. வரை ஜூமும் உண்டு; ஆனால் அந்த எல்லையில் துளை எஃப் 4.5 ஆகிவிடுவதால், மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து எடுக்கலாம் என்று நம்பி அதை வாங்க வேண்டாம். மிர்ரர்லெஸ்களுக்கான மலிவான 55-210 மி.மீ. லென்ஸும் இதே காரணத்தால் மேடையில் ஏமாற்றும். ஆகவே சற்று முன்னதாகவே போய் முன்வரிசையில் இடம் பிடியுங்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதையும் முழு மனதுடன் சொல்கிறேன். ஜார்ஜ் டவுனின் லெபோ ஆர்மீனியன் தெருப் பக்கத்து ஐந்தடி நடைபாதைகளில் நடக்கும்போதும், உறவினர் வீட்டுத் திறப்பு விழாவுக்குப் போகும்போதும் என் கையில் இருப்பது காம்பேக்ட்தான். பெரிய கேமராவைக் கண்டதும் சேலையைச் சரிசெய்து விறைத்து நிற்கும் பெரியம்மா, சின்னக் கேமராவைப் பொருட்படுத்தாமல் வாழையிலையைக் கழுவிக்கொண்டே பேசுகிறார். கோயிலுக்குள்ளும் அப்படியே, வேண்டுதலில் ஆழ்ந்திருப்பவர்களின் அருகில் பெரிய கருவியோடு நிற்பது எனக்கு உறுத்துகிறது. எப்போதும் உடன் இருப்பதால் எடுக்கப்படும் படங்கள் காம்பேக்ட்டுக்கே உரியவை. அவ்வகையில் எனக்கு மிகப் பிடித்தது ரிக்கோ ஜிஆர் 3. மிர்ரர்லெஸ்களில் இருக்கும் அதே ஏ.பி.எஸ்.-சி அளவுச் சென்சாரை 257 கிராமுக்குள் அடக்கி, 28 மி.மீ. கோணத்தில் எஃப் 2.8 லென்ஸோடு தருகிறது. ஜூம் கிடையாது, வியூஃபைண்டர் கிடையாது, ஃபிளாஷும் கிடையாது. தெருவையும் வீட்டையும் எடுப்பவருக்கு அது குறையாகப் படாது, மேடையை எடுக்க நினைப்பவருக்கு அது உதவவே உதவாது.

நம் ஊர் ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. காற்றின் ஈரப்பதம் நீண்ட காலம் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சை படரத் தொடங்குகிறது. சிலந்தி வலைபோல் நூல் நூலாகப் படர்ந்து கண்ணாடியின் பூச்சையும் அரித்துவிடும். மிர்ரர்லெஸ்ஸில் அது நேர்ந்தால் ஒரு லென்ஸ் போகும். காம்பேக்ட்டில் லென்ஸ் உடலோடு இணைந்திருப்பதால் பெரும்பாலும் கேமராவே போகும். சுருங்கி விரியும் அந்த லென்ஸின் இடுக்கு வழியாகத் தூசி உள்ளே போனாலும், நாமே துடைக்க வழியில்லை; பணிமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். எதை வாங்கினாலும் ஒரு சிறிய டிரை கேபினெட்டையும் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) செலவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, உள்ளே 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் இருக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இப்போது வசதியில்லையென்றால், காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். குளிரூட்டிய காரிலிருந்து நேரே வெயிலில் இறங்கினால் லென்ஸில் பனி படியும். ஆகவே கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துச் சிறிது நேரம் சூடேற விட்டு, பிறகு வெளியில் எடுங்கள்.

உங்களுக்கான என் முடிவைச் சொல்கிறேன். நீங்கள் மகளின் நடனத்தையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவள் இன்னும் பல ஆண்டுகள் ஆடுவாள். ஆகவே மிர்ரர்லெஸ்ஸே வாங்குங்கள், ஆனால் பணத்தைக் கேமரா உடலில் கொட்டாமல், விலை குறைந்த ஆரம்பநிலை உடலும் எஃப் 1.8 பிரைம் லென்ஸும் வாங்குங்கள். லென்ஸ் மாற்றும் தொல்லையும் பெரிதாக இருக்காது: நிகழ்ச்சிக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே பிரைம் லென்ஸைப் பொருத்திக்கொண்டு, அன்று முழுவதும் அதைக் கழற்றாமல் இருங்கள். பயணத்திற்குப் போகும்போது கிட் லென்ஸைப் பொருத்துங்கள். பகல் வெளிச்சத்தில் அது மிக நன்றாகவே வேலை செய்யும். இரண்டாவது லென்ஸுக்கு இப்போது பணம் ஒதுக்க முடியாதென்றால், மிர்ரர்லெஸ்ஸை அரைகுறையாக வாங்காமல் எஃப் 1.8 லென்ஸுள்ள காம்பேக்ட்டை வாங்குங்கள். ரத ஊர்வலத்துக்கும் பயணத்துக்கும் அது உங்களைக் கைவிடாது.

கடைக்குப் போகும்போது மகளையும் அழைத்துச் செல்லுங்கள். இரண்டு கேமராக்களிலும் ஷட்டரை 250இல் ஒரு பங்கில் வைத்து, ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டு, கடையின் வெளிச்சம் குறைந்த மூலையில் அவளைச் சில அடவுகள் ஆடச் சொல்லி எடுத்துப் பாருங்கள். திரையில் அவள் முகத்தைப் பெரிதாக்கி, எந்த ஐ.எஸ்.ஓ.வில் எடுக்கப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்ததை வாங்கும்போது, அதற்கு மலேசிய உத்தரவாத அட்டை இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.