அடிப்பகுதி அழுகும் உருண்டைக் கள்ளி

புதுச்சேரியில் வீட்டுக்குள் பீங்கான் தொட்டியில் வளர்க்கும் உருண்டைக் கள்ளிக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றியும் அதன் அடிப்பகுதி கொழகொழத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊற்றியும் அல்ல, ஊற்றியதால்தான் அப்படி ஆகியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில், அடியில் துளையில்லாத தொட்டியின் மண் எளிதில் காயாது. வேர் மூச்சுவிட வழியின்றி அழுகும், அழுகல் தண்டுக்குள்ளும் ஏறும்.

செடியை வெளியே எடுத்து, அழுகலுக்கு மேலே குறுக்காக வெட்டுங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் தெரியும் பழுப்புப் புள்ளி முற்றிலும் மறையும்வரை, ஒவ்வொரு முறையும் கத்தியைத் துடைத்துவிட்டு, மெல்லிய வில்லைகளாகச் சீவிக்கொண்டே போக வேண்டும். வெள்ளரிக்காயைப்போலச் சுத்தமான சதை தெரிந்தால் நிறுத்தலாம். (பால் வடிந்தால் அது கேக்டஸாக இல்லாமல் சதுரக்கள்ளியின் இனமாக இருக்கலாம், அந்தப் பால் கண்ணில் படக் கூடாது.)

மிஞ்சிய தலைப்பகுதியைக் காற்றோட்டமான நிழலில் இரண்டு வாரம் வைத்து, வெட்டுவாய் தோல்போல் இறுகிய பிறகு, துளையுள்ள மண்தொட்டியில் இரண்டு பங்கு ஆற்றுப் பருமணலும் ஒரு பங்கு மட்கிய எருவும் கலந்து நடுங்கள். பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளிவராதீர்கள். அதன் உப்பு வேரைக் கெடுக்கும். வேர் பிடித்தபின் வெயில் வரும் சன்னலோரம் வைத்து, மண்ணில் செருகிய குச்சி உலர்ந்து வெளிவரும் நாளில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.