கான் நீர் வீட்டுக்குள் வருகிறது, நகர சபை பதில் தரவில்லை: என்ன செய்யலாம்?

நுவரெலியா மாவட்டத்தின் நகர சபை ஒன்றின் எல்லைக்குள் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மழைக்காலத்தில் மேல் வீதியின் கான் (வீதியோர வடிகால்) நிரம்பி, நீர் அவருடைய வீட்டுக்குள் வருகிறது. பின்புறத்து மண்மேடும் கரையத் தொடங்கியிருக்கிறது. சபை அலுவலகத்தில் நேரில் பல தடவை சொல்லியும், இரண்டு கடிதங்கள் கொடுத்தும் பயனில்லை. ஒரு கடிதத்துக்கு மட்டும் சிங்களத்தில் பதில் வந்தது. அந்தக் கான் சபைக்குரியதன்று என்று அதில் எழுதியிருப்பதாக அதைப் படித்துக் காட்டியவர் சொன்னாராம். கடந்த ஆண்டின் சோலைவரி (வீடு, காணிக்குச் சபை அறவிடும் ஆண்டு வரி) நிலுவையில் இருப்பதால் முறையிடும் உரிமை தமக்கு உண்டா என்றும், சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர் என்ன செய்யலாம் என்றும் கேட்கிறார்.

நிலுவையைப் பற்றிய அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். வரி நிலுவையை அறவிடுவதற்குச் சபைக்குச் சட்டத்தில் தனி வழி உண்டு. அந்த நிலுவையைக் காரணம் காட்டிப் பொதுக் கானைத் துப்புரவாக வைத்திருக்கும் பொறுப்பிலிருந்து சபை விலகிக்கொள்ள முடியாது. தகவல் கேட்கும் உரிமையும் குடிமக்கள் அனைவருக்கும் உரியதேயன்றி, வரி கட்டியவருக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் முடிந்தால் நிலுவையைக் கட்டிப் பற்றுச்சீட்டைக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. பேச்சை வேறு பக்கம் திருப்ப விரும்பும் அலுவலருக்கு அந்த நிலுவைதான் கைகொடுக்கும் முதல் சாக்கு. வருடம் முழுவதற்குமான சோலைவரியை ஜனவரி 31ஆம் திகதிக்குள் செலுத்தினால் நூற்றுக்குப் பத்து வீதக் கழிவு கிடைப்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

இனி, அந்தக் கான் யாருடையது என்ற கேள்வி. மலையகத்து நகரங்களில் பெரும்பாலான முறைப்பாடுகள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன. ஏ, பி தர வீதிகளும் அவற்றின் ஓரக் கான்களும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளவை. ஹட்டன், தலவாக்கலை ஊடாக நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ7 வீதி அதற்கு எடுத்துக்காட்டு. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. நகரத்துக்குள் இருக்கும் குறுக்கு வீதிகளும் ஒழுங்கைகளும் பொதுவாகச் சபைக்குரியவை. நகர எல்லை முடிந்தவுடன் தோட்டம் தொடங்குவதால், மேட்டில் தேயிலை மலையிலிருந்து வரும் நீருக்குத் தோட்ட நிர்வாகமும், அப்பகுதி பிரதேச சபையின் எல்லைக்குள் இருந்தால் அந்தச் சபையும் சம்பந்தப்படுகின்றன. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குள் தம் நிதியைச் செலவிடத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே “தோட்டத்துக்குள் எங்களால் கைவைக்க முடியாது” என்ற பழைய பதிலை இன்று அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இத்தனை பேரில் பொறுப்பாளி யார் என்பதை நீங்களே கண்டுபிடித்து நிரூபிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதை அவர்களைக் கொண்டே எழுத்தில் சொல்லவைப்பதுதான் உங்கள் வேலை. அதனால் மூன்றாவது கடிதம் முந்தைய இரண்டைப் போல வேண்டுகோளாக இருக்கக் கூடாது. சபையின் செயலாளருக்கு முகவரியிட்டு, தவிசாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் மாகாண உள்ளூராட்சித் திணைக்களத்தின் உதவி ஆணையாளருக்கும் பிரதி அனுப்புங்கள். வீட்டின் வரி இலக்கம், கான் தொடங்கும் இடமும் முடியும் இடமும், நீர் புகுந்த திகதிகள், முன்பு கொடுத்த கடிதங்களின் திகதிகள், திகதியுடன் கூடிய படங்கள் ஆகியவற்றோடு, சபை செய்ய வேண்டியது இன்னதென்று ஒரே வாக்கியத்தில் கேட்டு, அதற்கு நியாயமான கால எல்லை ஒன்றையும் குறிப்பிடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பிற்காலத்தில் நீதிமன்றத்தில் ஆணை கோர நேர்ந்தால், “கேட்டோம், செய்யவில்லை” என்பதற்கான சான்று இந்தக் கடிதம்தான். வாய்மொழியாக நூறு தடவை சொன்னதும் அங்கே கணக்கில் வராது.

அதே நாளில், ஆனால் தனிக் காகிதத்தில், தகவல் அறியும் விண்ணப்பத்தையும் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அதை எழுத்தில் பதிந்துகொள்வது அலுவலரின் கடமை. பெற்றுக்கொண்டதற்கான எழுத்துமூல ஒப்புகையை அவர் உடனே தர வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். “ஏன் கானைத் திருத்தவில்லை?” என்று கேட்டால், “நிதி இல்லை” என்ற ஒரு வரிப் பதிலுடன் காரியம் முடிந்துவிடும், ஏனென்றால் அந்தச் சட்டம் கொடுப்பது விளக்கம் கேட்கும் உரிமையை அன்று, அலுவலகத்தின் கைவசமுள்ள ஆவணங்களைப் பெறும் உரிமையை. ஆகவே ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். குறிப்பிட்ட வீதி சபையின் வீதிப் பதிவேட்டில் இடம்பெற்றிருப்பின் அந்தப் பக்கத்தின் பிரதி; உங்கள் கடிதங்கள் தொடர்பாகக் கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி; தொழில்நுட்ப அலுவலர் அந்த இடத்தைப் பார்வையிட்டிருந்தால் அவருடைய அறிக்கை; கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் வட்டாரத்தில் கான் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையும் செலவழித்த தொகையும்; அந்தக் கானில் வேலை செய்ததாகக் கொடுப்பனவு நடந்திருந்தால் அதற்கான அளவீட்டுத் தாள். கடைசியாகச் சொன்னதை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். வேலை நடந்ததாகத் தாளில் இருந்து, தரையில் இல்லையென்றால், உங்கள் முறைப்பாட்டின் எடை வேறாகிவிடும். தாளே இல்லையென்றால், அதுவும் ஒரு பதில்தான்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று வாரங்கள் உண்டு. அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டி வராது. ஆணைக்குழுவின் பெயர் கடிதத்தில் வந்தவுடன் தேடிக் கிடைக்காத கோப்பு கிடைத்துவிடுவதுண்டு.

சிங்களத்தில் மட்டும் வந்த பதிலை இலேசாக விட்டுவிடாதீர்கள். அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரைப்படி தமிழும் அரசகரும மொழி; வடக்கு, கிழக்கு தவிர்ந்த மாகாணங்களில் சிங்களம் நிருவாக மொழியாக இருந்தாலும், தமிழில் அலுவல் நடத்தவும் தமிழில் பதில் பெறவும் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் படிக்கக் கொடுத்து அரைகுறையாக விளங்கிக்கொள்வதை விட, “இதைத் தமிழில் அனுப்புங்கள்” என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவது மேல். அதற்கும் பதில் இல்லையென்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். மூலக் கடிதத்தின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கான் தமதன்று என்று சபை எழுத்தில் சொன்ன ஒரே இடம் அதுதான்.

மண்மேடு கரைவது இதிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டிய விடயம். இதற்குச் சபையின் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) மூடியதை நாம் மறந்துவிடவில்லை. சரிவில் தேங்கி ஊறும் நீர் மண்ணின் பிடிப்பைத் தளர்த்துகிறது. கிராம உத்தியோகத்தர் மூலமாகப் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கேளுங்கள். நிலத்தில் வெடிப்பைக் கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்தப் பரிசோதனை அறிக்கை ஏற்கெனவே இருந்து, அதைத் தர மறுத்தால், உயிருக்கும் சொந்த சுதந்திரத்துக்கும் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணித்தியாலங்களுக்குள் தர வேண்டும் என்று தகவல் சட்டம் சொல்வதைக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். இந்த ஏற்பாட்டைச் சாதாரண விண்ணப்பங்களுக்குப் பயன்படுத்தாதீர்கள். உண்மையான ஆபத்து உள்ள இடத்தில் அதன் வலு குறைந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அசைவில்லையென்றால் நீதிமன்ற வழிகள் இருக்கின்றன. பொதுத் தொல்லையை அகற்றுமாறு நீதவான் கட்டளையிட 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஒரு வீட்டை மட்டுமன்றி வீதியையே பாதிக்கும் கானுக்கு இது பொருத்தமான வழி, பொலிஸ் மூலமாகத் தொடங்கலாம் என்பதால் செலவும் குறைவு. கடமையைச் செய்யுமாறு சபைக்கு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் உண்டு. சட்டத்தரணி வைக்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்களை அணுகலாம். வருமானத்தைப் பார்த்து இலவசமாக ஆலோசனையும் வழக்காடலும் கிடைக்கும்.

அடிப்படை உரிமை வழக்குப் போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல ஒரு மாத காலமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது; முறைப்பாட்டைப் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தால் போதும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. என் அபிப்பிராயத்தில், கான் துப்புரவாக்கப்படவில்லை என்பதற்கு மட்டும் இந்த வழி பாரமானது. அதே வீதியில் ஒரு பகுதியினருக்கு வேலை நடந்து, இன்னொரு பகுதியினர் இனத்தாலோ அரசியல் சார்பாலோ ஒதுக்கப்பட்டார்கள் என்பதைத் தகவல் சட்டத்தில் பெற்ற ஆவணங்களால் காட்ட முடிந்தால் நிலைமை வேறு.

கடிதத்தைத் தபாலிடுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வாசலுக்காகக் கானின் மேல் கொங்கிரீட் தட்டோ படியோ போட்டிருக்கிறீர்களா, வீட்டுக் கழிவுநீர்க் குழாய் அதில் விழுகிறதா என்று பாருங்கள். அயலவர்களிடமும் கேளுங்கள். சபை அலுவலர் இடத்தைப் பார்க்க வரும்போது முதலில் எழுதிக்கொள்வது அதைத்தான். அனுமதியில்லாத தடைக்காக உங்களுக்கே அறிவித்தல் அனுப்பிவிட்டு முறைப்பாட்டை மூடிவிடவும் கூடும். அப்படி ஏதாவது இருந்தால் கழற்றிவிட்டு, திறந்த கானின் படத்தைக் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள்.