விபத்தில் காலை இழந்த அரசு பஸ் ஓட்டுநரான என் அண்ணனை விருப்ப ஓய்வில் போகச் சொல்லலாமா?

கூடாது. உங்கள் அண்ணன் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் தயவுசெய்து கையெழுத்துப் போட வேண்டாம். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியான அரசு நிறுவன ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 20(4). வண்டி ஓட்ட முடியாவிட்டால், அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். 'இடம் காலியில்லை' என்று கைவிரிக்கவும் வழியில்லை. பொருத்தமான பணி கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும்.

மாற்றுப்பணி கேட்டு மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். வழக்கறிஞர் செலவுக்கு அஞ்ச வேண்டாம்: மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. அண்ணனைத் தனியாக அனுப்பாதீர்கள்; உள்ளூர் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் இதே வழக்கை நடத்தியவர்கள் இருந்தால் உடன் அழைத்துச் செல்லுங்கள்.