பறவைப் படத்தொகுப்பு மங்குவது ஏன்? பணம் கொடுத்துத் தெளிவாக்கலாமா?

கேள்வி: திருநெல்வேலியில் இயங்கும் எங்கள் பறவை நோக்கர் குழுவில் ஏறத்தாழ 70 பேர் இருக்கிறோம். எட்டு ஆண்டுகளில் எடுத்த சுமார் 14,000 படங்களை இணையத்தில் ஒரே தொகுப்பாக வைத்திருக்கிறோம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் நல்ல கேமராவில் எடுத்த படங்கள்கூடப் பெரிதாக்கிப் பார்த்தால் மங்கலாகவே தெரிகின்றன. படத்துக்கு 4 ரூபாய் வீதம் வாங்கிக்கொண்டு, செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் எல்லாவற்றையும் தெளிவாக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? மாதிரிக்கு 12 படங்களை அனுப்பியுள்ளேன்.

பதில்: கொடுக்க வேண்டாம். 56,000 ரூபாயும் வீணாகும், அதைவிட மேலாக உங்கள் தொகுப்பின் நம்பகத்தன்மையும் போய்விடும்.

நீங்கள் அனுப்பிய 12 கோப்புகளில் ஒன்பதின் பெயரிலேயே விடை இருக்கிறது. அந்தப் பெயர்களில் ஒரு தேதியும், அதை அடுத்து 'டபிள்யூஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் வருகின்றன. வாட்ஸ்அப் வழியாக வந்து கைப்பேசியில் சேமிக்கப்பட்ட படம் என்பதற்கு அதுவே முத்திரை. உறுப்பினர்கள் குழுவில் பகிர்ந்த படங்களை யாரோ ஒருவர் தம் கைப்பேசியிலிருந்து அப்படியே தொகுப்பில் ஏற்றியிருக்கிறார். 6,000க்கு 4,000 பிக்சல் அளவில் எடுத்த ஒரு படம், வழக்கமான முறையில் வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும்போது நீளவாட்டில் சுமார் 1,600 பிக்சலாகச் சுருங்குகிறது. அதாவது 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளில் சுமார் 17 லட்சம்தான் மறுமுனைக்குப் போய்ச் சேர்கின்றன. பதினான்கில் ஒரு பங்கு. படச்சட்டத்தின் ஓரத்தில் சிறிதாக உட்கார்ந்திருந்த பறவையின் கண்ணும் இறகு விளிம்பும் அந்தச் சுருக்கத்தில்தான் கரைந்துபோயின. கேமரா மீதோ எடுத்தவர் மீதோ குறையில்லை.

அளவு குறைவதைவிட எனக்கு அதிக வருத்தம் தருவது வேறொன்று. படம் எடுத்த நாள், நேரம், கேமரா ஆகிய குறிப்புகளையும், வசதி இருந்தால் இடத்தையும் கேமராவே கோப்புக்குள் எழுதி வைத்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அவை அழிந்துவிடுகின்றன. கோப்பின் பெயரில் மிஞ்சும் தேதி, படம் கைப்பேசிக்கு வந்த தேதியே தவிர எடுத்த தேதி அன்று. உங்கள் மாதிரியில் வரித்தலை வாத்துகளின் படம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஜூன் மாதத்தைக் காட்டுகிறது. மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வந்து, கோடை முற்றுமுன் திரும்பிவிடும் அந்த வாத்து ஜூன் மாதத்தில் கூந்தன்குளத்தில் ஏன் நிற்கப்போகிறது? ஜனவரியில் எடுத்த படத்தை யாரோ ஜூனில் மீண்டும் பகிர்ந்திருப்பார். பத்தாண்டுகள் கழித்து இதைப் பார்க்கும் மாணவர் ஒருவர், வாத்துகளின் வருகைக்காலமே மாறிவிட்டது என்று எழுதினால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

தீர்வு எளிது. வாட்ஸ்அப்பிலேயே அனுப்புவதானால் 'டாக்குமெண்ட்' என்ற தெரிவின் வழியே கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது படம் சுருங்காது, உள்ளிருக்கும் குறிப்புகளும் அழியா. 2023இல் வந்த 'எச்டி' தெரிவை நம்பி ஏமாற வேண்டாம். அது சுருக்குவதைக் குறைக்கிறதே தவிர நிறுத்துவதில்லை. இன்னும் நல்லது, உறுப்பினர்கள் கேமரா அட்டையிலிருந்து கணினிக்கு மாற்றிய மூலக் கோப்பை நேரடியாகத் தொகுப்பில் ஏற்றுவதுதான். பலகோடிப் பேர் கையில் இருக்கும் ஒரு செயலி, படத்தைக் கெடுத்து அனுப்புவதை இயல்பாகவும், கெடுக்காமல் அனுப்புவதை ஓர் ஓரத்துத் தெரிவாகவும் வைத்திருக்கிறது என்பது எனக்குப் பல ஆண்டுகளாக ஆறாத கோபம். தாம் அனுப்பியது சிதைந்துதான் சேர்ந்தது என்பதுகூடப் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை.

இனி அந்த நபரின் பேச்சுக்கு வருகிறேன். இத்தகைய மென்பொருள் இழந்த புள்ளிகளை எங்கிருந்தும் மீட்டு வருவதில்லை. இலட்சக்கணக்கான பிற படங்களைக் கண்டு, இறகு என்றால் பொதுவாக இப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டதை உங்கள் படத்தின் மேல் வரைகிறது. திருமணப் படத்தில் அப்படிச் செய்தால் பெரிய கேடில்லை. பறவைப் படத்திலோ இனத்தைப் பிரித்தறிய உதவும் அடையாளமே அந்த நுணுக்கத்தில்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குழு இப்படிப் பணம் கட்டித் தெளிவாக்கிய படங்களை எனக்குக் காட்டியது. மூலப் படத்தில் பச்சைக் கதிர்க்குருவியின் இறக்கையில் ஒரே ஒரு மெல்லிய வெளிர்கோடு, இருக்கிறதா இல்லையா என்னும் அளவில் தெரிந்தது. தெளிவாக்கிய படத்தில் அழுத்தமான இரண்டு கோடுகள் இருந்தன. கதிர்க்குருவிகளை இனம் பிரிப்பவர்கள் முதலில் பார்ப்பதே இறக்கைக் கோட்டைத்தான். அந்தப் படம் இப்போது இல்லாத ஒரு பறவையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதைவிடக் கொடுமை, இடத்தை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி மூலப் படங்களைத் தெளிவாக்கித் தந்தவர் அழித்துவிட்டிருந்தார்.

இத்தகைய இடைத்தரகர்கள் கொண்டுவரும் ஒப்பந்தத் தாளையும் படித்துப் பாருங்கள். தொகுப்பை 'நிர்வகிக்க' உரிமை கேட்கும் ஒரு வரி நடுவில் ஒளிந்திருக்கும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் முதல் உரிமையாளர் பொதுவாக அதை எடுத்தவரே. குழுவுக்கே அந்த உரிமை இல்லாதபோது குழுவின் செயலாளர் அதை எப்படி இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியும்? உரிமை மாற்றம் எழுத்தில், உரியவரின் கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். இதை அறியாமல் கையெழுத்திட்டுவிட்டு, உறுப்பினரின் படம் பெயர்கூட இல்லாமல் நாட்காட்டியில் அச்சாகி வந்தபின் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 'பங்கேற்கும் எல்லாப் படங்களின் உரிமையும் அமைப்பாளருக்கே' என்று அறிவிக்கும் படப் போட்டிகளும் இதே வகைதான். பரிசு ஒருவருக்கு, படங்கள் எல்லாருடையதும் அவர்களுக்கு. இதைக் கேட்க ஆளில்லை என்பது வெட்கக்கேடு.

அடுத்தது, தேர்வு. 14,000 படங்களில் ஒரே வெண்மார்பு மீன்கொத்தி ஒரே மின்கம்பியில் அமர்ந்திருக்கும் படம் நாற்பது இருந்தால், தொகுப்பு பெரிதாகத் தெரியுமே ஒழிய நல்லதாகத் தெரியாது. ஓர் உறுப்பினர் ஓர் இனத்துக்கு ஒரு பருவத்தில் மூன்று படங்கள் என்று வரையறுங்கள். தேர்வை இரண்டு பேரிடம் ஒப்படையுங்கள். எழுபது பேர் வாக்களித்தால் நட்புக்குத்தான் விருப்பக்குறி விழும்.

ஆனால் இப்படிப் படங்களைக் கழிப்பதில் ஒரு விலக்கு உண்டு, அதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். மங்கலாக, தொலைவில், பாதி இலை மறைத்தபடி இருக்கும் ஒரு படம், அந்தக் குளத்தில் அந்தப் பறவை வந்ததற்கு இருக்கும் ஒரே சான்றாக இருக்கலாம். அதை 'தரமில்லை' என்று நீக்கினால் பிறகு எந்த விலை கொடுத்தாலும் திரும்பப் பெற முடியாது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்துக்குச் சொந்தமான, பறவைப் படங்களைச் சேமித்து வைக்கும் மெக்காலே நூலகத்தில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்துப் படங்களைத் தரம் பிரிக்கிறார்கள். அங்கே நட்சத்திரம் படத்தின் தரத்துக்கு மட்டுமே, பறவையின் அரிதான தன்மைக்கு அன்று. ஒரு நட்சத்திரப் படமும் சான்றாக அங்கே இருக்கிறது. அழகுக்கு ஒரு மதிப்பீடு, சான்றுக்கு வேறொரு மதிப்பீடு என்ற அந்தப் பிரிவினையை நீங்களும் பின்பற்றுங்கள். தொகுப்புக்குள் 'சான்றுப் படங்கள்' என்று தனி அடுக்கு ஒன்றை வைத்து, இனம், இடம், நாள், பார்த்தவர் ஆகிய நான்கையும் எழுதுங்கள். எடுத்தவர் புதியவர் என்பதற்காகவும், அவருடைய கேமரா விலை குறைந்தது என்பதற்காகவும் அந்த அடுக்கிலிருந்து எதையும் தள்ளாதீர்கள். மாவட்டத்தின் முதல் பதிவு பெரும்பாலும் அப்படிப்பட்ட படமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அரிய பறவை யாருக்காகவும் வெளிச்சம் பார்த்து வந்து அமர்வதில்லை.

கூடு, குஞ்சு ஆகியவற்றின் நெருக்கமான படங்களைப் பொதுத் தொகுப்பில் சேர்க்கவே வேண்டாம். பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. நீங்கள் ஒதுங்கி நின்று எடுத்திருக்கலாம். படத்தில் பதிந்த இடக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்து வருபவர் அப்படி நிற்பார் என்பதற்கு உறுதியில்லை. அதனால் மூலக் கோப்பில் இடக்குறிப்பு இருக்கட்டும். பொதுவில் வைக்கும் நகலில் அதை நீக்கிவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் எழுதுங்கள்.

நகல் என்று சொன்னேன். தொகுப்பில் காட்டுவதற்கு நீளவாட்டில் 2,048 பிக்சல் போதும். மூலக் கோப்புகள் மட்டும் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வேறு வீடுகளில் இருக்க வேண்டும். இலவசச் சேமிப்பை நம்பி இருந்துவிடாதீர்கள். கூகுள் போட்டோஸ் எல்லையற்ற இலவச இடத்தை 2021 ஜூன் 1ஆம் தேதியோடு நிறுத்தியது. பிளிக்கர் இலவசக் கணக்குகளை 2019இல் 1,000 படங்களுக்குள் அடக்கியது. வாக்குறுதி கொடுத்து மக்களைப் பழக்கிவிட்டுப் பிறகு கதவைச் சாத்துவது இத்துறையில் வாடிக்கையாகிவிட்டது.

ஏற்கெனவே மங்கிய 14,000 படங்களை நினைத்து மலைக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மூலம் தேட வேண்டியதில்லை. முதலில் ஓர் இனத்துக்கு இரண்டு படங்களை மட்டும் தேர்ந்து பட்டியலிடுங்கள்; அந்தப் படங்களை எடுத்தவர்களிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். பழைய உறுப்பினர்களிடமிருந்து தொடங்குங்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வன்தட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அதிலிருப்பதை இந்த வாரமே நகலெடுத்துவிட வேண்டும்.